போடாத வேப்பம்புண்ணாக்கு

இயற்கை வேளாண்மைக்கு மாறிய எவரைக் கேட்டாலும் களை, பூச்சி, விலை என்று தொல்லைகளை வரிசையாகச் சொல்வார்கள். நாலாவதாக ஒன்றைச் சொல்லக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். அதுதான் பண்ணைக் குறிப்பேடு. எந்தத் தேதியில் உழுதோம், விதை எங்கே வாங்கினோம், எத்தனை லிட்டர் பஞ்சகவ்யா தெளித்தோம், எத்தனை மூட்டை கண்டது, யாருக்கு விற்றோம், அத்தனையும் எழுத்தில் இருந்தால்தான் சான்று. பி.ஜி.எஸ். என்கிற பங்கேற்பு உறுதியளிப்பு முறையானாலும் சரி, ஏற்றுமதிக்குப் போகிறவர்கள் வாங்கும் என்.பி.ஓ.பி. சான்றானாலும் சரி, குறிப்பேடு இல்லாமல் கதை நடக்காது. பகலெல்லாம் சேற்றில் நின்றவன் ராத்திரி எட்டு மணிக்கு நோட்டைத் திறந்தால் தூக்கம்தான் வரும். மதுராந்தகம் பக்கத்தில் எங்கள் குழுவில் 11 பேர். ஒழுங்காக எழுதுகிறவர்கள் நாலு பேர். மற்றவர்களுக்குக் காலண்டர் தாளின் பின்பக்கம்தான் குறிப்பேடு. கூட்டத்துக்கு முந்தின நாள் மகளையோ மருமகளையோ பக்கத்தில் உட்கார வைத்து, ஞாபகத்திலிருந்து சொல்லிச் சொல்லி எழுத வைப்பார்கள்.

இந்தத் தொல்லையைச் சென்னை இளைஞர்கள் சிலர் மோப்பம் பிடித்துவிட்டார்கள். "நீங்க எழுதவே வேணாம்ணா, வாட்ஸ்அப்ல பேசுங்க, ஏ.ஐ. எழுதிடும்" என்று ஒரே ஆண்டில் மூன்று நிறுவனங்கள் எங்களிடம் வந்துவிட்டன. சனிக்கிழமைகளில் நான் அரிசியும் கீரையும் ஏற்றிக்கொண்டு அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் என்று மூன்று இடத்திலும் இறக்கிவிட்டு வருகிறவன். அதனால் இவர்களுடைய அலுவலகங்களிலும் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். பார்த்ததையும் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் நம் உழவர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

தென்சென்னையில் ஏன் இப்படி முளைக்கிறார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கிண்டிக் காட்டை ஒட்டி ஐ.ஐ.டி., தரமணியில் அதன் ஆராய்ச்சிப் பூங்கா, அங்கேயே 1988-ல் தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். நஞ்சில்லா அரிசிக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிற வீடுகளும் இந்தப் பக்கம்தான் அதிகம். கொட்டிவாக்கத்தில் தன்னார்வலர்கள் தொடங்கிய ரீஸ்டோர் போன்ற அங்காடிகள் மெல்ல மெல்ல உருவாக்கிய சந்தை அது. இப்போது அதே வாடிக்கையாளர்களைக் கைப்பேசி வழியாகப் பிடிக்க வந்தவர்கள்தான் இந்தப் 'பசுமை ஸ்டார்ட்-அப்'கள். குப்பை, உரம், மாடித்தோட்டம், அரிசி, கார்பன் கணக்கு என்று ஆளுக்கொரு வேலை. ஆனால் எழுதுகிற, படம் வரைகிற, பதில் சொல்கிற வேலையை எல்லோருமே இயந்திரத்திடம் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் மேற்கொண்டு பேச முடியாது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தது. அதற்குப் பிறகு இதைப் போல பல. கோடிக்கணக்கான பக்கங்களைப் படிக்கக் கொடுத்து, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணிக்கப் பழக்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான் அடிப்படை. நம் வயலை அது பார்த்ததில்லை. பார்த்தவன் எப்படி எழுதுவானோ அப்படி எழுதத் தெரியும். பொருத்தமாக இருக்கிறதா என்பதுதான் அதற்குக் கணக்கு, நடந்ததா என்பது அல்ல. இன்னொரு விஷயம்: எழுத்தைத் துண்டு துண்டாக்கித்தான் அது படிக்கிறது, அந்தத் துண்டுக் கணக்கில்தான் பில் போடுகிறார்கள். ஒரே கேள்வி ஆங்கிலத்தைவிடத் தமிழில் அதிகத் துண்டுகளாகிறது. ஆகவே தமிழில் பேசினால் நிறுவனத்துக்குச் செலவு கூடும். சில நிறுவனங்கள் நம் பேச்சை முதலில் ஆங்கிலமாக்கி, அங்கே பதில் தயாரித்து, திரும்பத் தமிழாக்குகின்றன. நம்ம ஊர் வார்த்தை இரண்டு முறை ஆறு தாண்டி வருகிறது.

அப்படித் தாண்டும்போது என்ன ஆகிறது என்று நானே சோதித்துப் பார்த்தேன். எங்கள் பக்கம் காணிக் கணக்கு. ஒரு காணி என்றால் 1.32 ஏக்கர். "ஒரு காணிக்கு விதைநெல் எவ்வளவு?" என்று கேட்டால், 'காணி என்பது நிலம்' என்று எடுத்துக்கொண்டு ஒரு ஏக்கர் கணக்கைச் சொன்னது. டெல்டா நண்பர் ஒருவர் "ரெண்டு மா நடவுக்கு எவ்வளவு மீன் அமிலம் வேணும்?" என்று கேட்டதற்கு, இரண்டு மாமரங்களுக்கு அளவு சொல்லி, வேரிலிருந்து மூன்று அடி தள்ளி ஊற்றச் சொன்னது. நாங்கள் சிரித்தோம். புதிதாக விவசாயத்துக்கு வந்த ஐ.டி. தம்பி ஒருவர் சிரிக்கவில்லை. அவருக்கு மா என்றால் 33 சென்ட் என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

தி.நகரில் பாரம்பரிய அரிசி விற்கிற நிறுவனம் ஒன்று. பைக்கு மேல் ஒட்டும் படம், முகநூல் பதிவு எல்லாம் ஏ.ஐ.தான் செய்கிறது. தூயமல்லிப் பையில் தலைப்பாகை கட்டிய உழவர் ஒருவர் பளிச்சென்று சிரிக்கிறார். கையில் அவர் அணைத்துப் பிடித்திருப்பது கோதுமைக் கதிர்! "தம்பி, இது நெல்லு இல்லப்பா" என்றேன். பார்த்தார், சிரித்தார், மாற்றிவிட்டார். ஆனால் நான் கேட்டது வேறு. தூயமல்லி விளைவித்த ஆள் உயிரோடு, மூணு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும்போது, பிறக்காத ஒருவரின் முகத்தை எதற்காகப் போட வேண்டும்? போட்டோ எடுக்க ஆள் அனுப்பினால் செலவு என்றார். அந்தச் செலவுதானே வாடிக்கையாளர் கொடுக்கிற கூடுதல் விலை.

படத்தைவிட மோசம், எழுத்து. 'காட்டுயானம் சர்க்கரை நோயை வேரோடு நீக்கும்' என்று ஒரு பதிவு. நம் ஆட்களில் சிலரே மேடையில் இப்படிப் பேசுவது உண்டு என்பதால் இயந்திரத்தை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. அது நம் பேச்சையும் சேர்த்துத்தான் படித்திருக்கிறது. ஆனால் உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய, 2018-ல் வந்த உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விளம்பர விதிகள் இடம் கொடுப்பதில்லை. நோட்டீஸ் வந்தால் நிறுவனம் பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த கடை போடும். காட்டுயானத்தின் பெயர் கெட்டால் நமக்கு மாற்றிக்கொள்ள வேறு பெயர் இல்லை.

நல்லதாக ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. மயிலாப்பூரில் மூன்று பெண்கள் சேர்ந்து அடுக்குமாடி வீடுகளின் சமையலறைக் கழிவை உரமாக்கும் வேலை செய்கிறார்கள். நாளுக்கு 5,000 டன்னுக்கும் மேல் குப்பை சேருகிற ஊர் இது. பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் போகிற லாரியில் ஒரு வாளியாவது குறைந்தால் நல்லதுதான். "தொட்டியில புழு வந்திருக்கு", "நாத்தம் அடிக்குது", "எலுமிச்சைத் தோல் போடலாமா" என்று நாள் முழுக்க இவர்களுக்குக் கேள்வி வரும். ஐந்து வருடமாகத் தாங்கள் சொன்ன பதில்களையெல்லாம் தொகுத்து நாற்பது பக்கக் கையேடு ஒன்றை எழுதினார்கள். கேள்வி வந்ததும் இயந்திரம் முதலில் அந்தக் கையேட்டில் பொருத்தமான பத்தியைத் தேடி எடுக்கும். அதை வைத்துத்தான் பதில் எழுத வேண்டும். கையேட்டில் இல்லாத கேள்வி என்றால், "அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று நிறுத்திக்கொள்ளும். நான் சோதிக்கிறேன் பேர்வழி என்று "செத்த எலியைப் போடலாமா?" என்று கேட்டேன். அக்காவிடம் போய்விட்டது. சாயங்காலம் அந்த அம்மாவே போன் போட்டுத் திட்டினார்.

இந்த முறையைப் பெரிய அளவில் செய்கிறவர்களும் உண்டு. டிஜிட்டல் கிரீன் என்ற அமைப்பு 2006-ல் பெங்களூரில் தொடங்கியது. உழவர் பேசுகிற காணொளியை உழவருக்கே போட்டுக் காட்டுவது அவர்கள் வழி. 2023 முதல் ஃபார்மர்.சாட் என்ற உரையாடல் கருவியை நடத்துகிறார்கள். தாங்கள் சரிபார்த்த ஆவணங்களிலிருந்தும் காணொளிகளிலிருந்தும் பதில் எடுத்துக் கொடுக்கிறது. நம் அடையாற்றுப் பக்கமே, ஐ.ஐ.டி.யில் ஏ.ஐ.4பாரத் என்ற ஆய்வுக் குழு இருக்கிறது. 2023-ல் 22 மொழிகளுக்கும் மொழிபெயர்ப்பு மாதிரியை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள். நாடு முழுக்க ஆள் அனுப்பி, 16,000-க்கும் மேற்பட்டவர்களின் பேச்சை 7,000 மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்திருக்கிறார்கள். அதே 2023-ல் மைக்ரோசாஃப்ட்டுடன் சேர்ந்து 'ஜுகல்பந்தி' என்ற வாட்ஸ்அப் கருவி. டெல்லிக்குப் பக்கத்தில் பிவான் என்ற கிராமத்து மக்கள் அரசுத் திட்டங்களைத் தங்கள் மொழியில் பேசிக் கேட்டார்கள். ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் கொண்டுவந்த கிசான் இ-மித்ரா, பி.எம். கிசான் பணம் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வந்தது. எழுதப் படிக்கச் சிரமப்படுகிற நம் ஆட்களுக்குப் பேசிக் கேட்கிற வசதி சின்ன விஷயமில்லை.

இதெல்லாம் புதுசு என்றும் நினைக்க வேண்டாம். சுவாமிநாதன் நிறுவனம் 1998-லேயே புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் திறந்து, கடலோரத்தில் அலை எவ்வளவு உயரம் எழும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரித்ததும், நல்லவாடு இளைஞர்கள் அந்த மையத்தின் ஒலிபெருக்கியில்தான் ஊரை விரட்டி வெளியேற்றினார்கள். அங்கே கருவி ஊர்க்காரர் கையில் இருந்தது.

இனி எங்கள் குறிப்பேட்டுக் கதைக்கு வருகிறேன். அடையாறில் ஒரு நிறுவனம். நல்ல பிள்ளைகள். அவர்கள் கருவியை மூன்று மாதம் பயன்படுத்தினோம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு இரண்டு நிமிடம் பேசினால் காலையில் அழகான தமிழில் குறிப்பு வந்துவிடும். எல்லோருக்கும் மகிழ்ச்சி. பி.ஜி.எஸ்.சில் வெளியாள் வந்து சோதிப்பது பிறகு; முதலில் உறுப்பினர்கள் ஒருவர் வயலை ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கூட்டத்துக்காக எல்லோர் குறிப்பையும் அச்செடுத்துப் படித்தேன். மூத்த உறுப்பினர் ஒருவர் கணக்கில், 'கிச்சிலிச் சம்பா வயலில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு இடப்பட்டது' என்றிருந்தது. எனக்குப் பொறி தட்டியது. அந்த வாரம் அவர் புண்ணாக்கே வாங்கவில்லை. விலை கூடிவிட்டது என்று என்னிடம் புலம்பியவர். அவர் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். "இன்னைக்கு மழ, வயலுக்குப் போவல. வேப்பம்புண்ணாக்கு போடணும், ஆளு வரல." அவ்வளவுதான் அவர் பேசியது.

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் குரலோடு ஒப்பிட்டோம். ஐந்து பேர் குறிப்பில் ஒன்பது இடத்தில் செய்யாத வேலை இருந்தது. தெளிக்காத பஞ்சகவ்யா, அதுவும் நூல் பிடித்தாற்போல 3 சதவீதம். வாங்காத வேப்பங்கொட்டை, 100 லிட்டருக்கு 5 கிலோ. அளவு எல்லாமே சரி. புத்தகத்தில் இருக்கிற அளவு. அதுதான் சங்கடமே, தப்பான அளவாக இருந்தால் சட்டென்று மாட்டியிருக்கும்.

நிறுவனத்துத் தம்பியிடம் காட்டினேன். விண்ணப்பத்தில் 'இடுபொருள்', 'அளவு' என்று கட்டங்கள் இருக்கின்றன. எதையும் காலியாக விடாதே என்று இயந்திரத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது பொருத்தமானதைப் போட்டு நிரப்பிவிட்டது. காரணம் புரிந்தது. அடுத்து அவர் சொன்னதுதான் உறுத்தியது. "ஆனா ரசாயனம் எதுவும் போட்டதா எழுதலையேண்ணா. ஆர்கானிக் இடுபொருள்தானே, அதனால என்ன?"

"போட்ட யூரியாவ மறைச்சாலும் பொய்தான், போடாத புண்ணாக்க எழுதினாலும் பொய்தான் தம்பி" என்றேன். சான்று என்பது இடுபொருள் பட்டியல் இல்லை. இந்த ஆள் சொன்னால் நம்பலாம் என்று பத்துப் பேர் போடும் கையெழுத்து. மண்டலக் குழுவிலிருந்து ஒருவர் வந்து "புண்ணாக்குக்குப் பில் எங்கே?" என்று கேட்டால், பெரியவர் என்ன காட்டுவார்? ஒருவர் கணக்கில் ஓட்டை விழுந்தால் 11 பேர் சான்றும் ஆடும். யூரியாவே தொடாத மனிதர், தான் சொல்லாத பொய்க்குப் பதில் சொல்ல வேண்டி வரும். அன்றைக்கு நாங்கள் யாரும் கையெழுத்துப் போடவில்லை. மூன்று மாதக் குறிப்பையும் குரலைக் கேட்டுக் கையால் திருப்பி எழுதினோம்.

அந்தத் தம்பியை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். இரண்டு வாரத்தில் திருத்திக்கொண்டு வந்தார். இப்போது தகவல் இல்லாத கட்டம் காலியாகவே இருக்கிறது, "எவ்வளவு போட்டீங்க?" என்று திருப்பிக் கேட்கிறது, எழுதியதைக் குரலில் வாசித்துக் காட்டி, நாம் "சரி" என்ற பிறகே பதிகிறது.

பூச்சி பற்றிய ஆலோசனையில் வேறொரு சிக்கல். குருத்துப்பூச்சிக்கு என்ன செய்யலாம் என்று பொதுவான கருவிகளில் கேட்டால், 'இயற்கை' என்ற சொல் இல்லாவிட்டால் கார்ட்டாப் குருணைக்குத் தாவிவிடுகிறது. பசுமைப் புரட்சிக்குப் பிந்தைய பரிந்துரைகள்தான் அது படித்த ஏடுகளில் மலைபோலக் கிடக்கின்றன. நம்மாழ்வார் ஐயா திண்ணையிலும் களத்துமேட்டிலும் பேசியதில் எவ்வளவு எழுத்தில் ஏறியிருக்கிறது? பெங்களூர் க்ராப்இன் நிறுவனம் 2024-ல் 'அக்ஷரா' என்று வேளாண்மைக்கே ஒரு மாதிரி செய்தது, நெல், கரும்பு, சிறுதானியம் உட்பட 9 பயிர்களுக்கு. கிசான் ஏ.ஐ. நிறுவனம் 'தேனு' என்று ஒன்று செய்தது. நல்ல முயற்சிகள். ஆனால் எந்த மாதிரியும் தனக்குப் போட்ட தீனியைத்தான் அசைபோடும்.

அதனால்தான் நம் குரலுக்கு இப்போது கிராக்கி. 'நீங்க பேசுங்க, இலவசம்' என்பதன் பொருள் இதுதான். எங்கள் குழுவின் மூன்று மாதக் குரல் பதிவில் எந்த மழைக்கு எந்தப் பூச்சி வந்தது, எந்தக் கரைசல் கேட்டது, பூங்கார் எத்தனை நாள் தண்ணீரில் நின்று பிழைத்தது என்று எல்லாம் இருக்கிறது. வேம்புக் காப்புரிமைக் கதை நம் இயக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 1994-ல் ஐரோப்பாவில் கிரேஸ் நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் வாங்கிய காப்புரிமை 2000-ல் ரத்தாகி, மேல்முறையீடு 2005-ல்தான் முடிந்தது. அங்கே எதிர்த்து வழக்காட ஒரு காப்புரிமைத் தாளாவது இருந்தது. இயந்திரத்துக்குள் கரைந்த பேச்சைப் பிடித்து, இது எங்கள் பெரியவர் சொன்னது என்று எப்படிக் காட்டுவது? 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கிற அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்கிறது. ஆனால் அது பெயர், எண் போன்ற சொந்தத் தகவலுக்கான சட்டம். குருத்துப்பூச்சிக்கு நாம் கண்ட கைப்பக்குவம் அதில் அடங்காது. எங்களிடம் வந்த மூன்று நிறுவனங்களின் ஒப்பந்தமும் ஆங்கிலத்தில்தான் இருந்தது.

சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் என்பதால் தண்ணீர்க் கணக்கையும் கேட்டேன். ஒரு கேள்விக்கு ஐந்து சொட்டுத் தண்ணீர்தான் என்று கூகுள் 2025-ல் தன் ஜெமினிக்குக் கணக்குச் சொன்னது. 2023-ல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்போதைய மாதிரிக்கு, பத்திலிருந்து ஐம்பது பதிலுக்கு அரை லிட்டர் என்றார்கள். இரண்டுக்கும் நடுவே ஏணி வைத்தாலும் எட்டாது. எதை எதைச் சேர்த்தார்கள் என்பதில் வித்தியாசம். 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊர் சென்னை. அதே ஊரின் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் தரவு மையங்கள் பெருகுகின்றன. ஒரு குறிப்பேட்டுக்கு ஐந்து சொட்டு என்றால் நான் சண்டை போட மாட்டேன். ஒரே அரிசிப் பைக்கு நாற்பது படம் வரைந்து முப்பத்தொன்பதைத் தூக்கிப் போடுகிறார்களே, அதைப் 'பசுமை நிறுவனம்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து செய்ய வேண்டாம்.

போன மாதக் கூட்டத்தில் எங்கள் குழு மூன்று நிபந்தனைகளை எழுதி அடையாறு நிறுவனத்திடம் கொடுத்தது. ஒப்பந்தம் தமிழில் வேண்டும். மூலக் குரல் பதிவு ஒவ்வொன்றும் எங்கள் கையிலும் ஒரு நகல் இருக்க வேண்டும். எங்கள் பேச்சை வேறு மாதிரி பழக்கவோ, வேறு நிறுவனத்துக்கு விற்கவோ, ஒவ்வொரு முறையும் குழுவின் தீர்மானம் வேண்டும். முதல் இரண்டுக்கும் உடனே ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவதற்கு, முதலீடு போட்டவர்களிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். பதில் வரும்வரை சம்பா வயல் கணக்கைப் பழையபடி நோட்டில் எழுதுகிறோம். எழுத வராத நாலு பேருக்கு, ஊரில் பத்தாம் வகுப்பு முடித்த இரண்டு பிள்ளைகள் வாரம் ஒரு நாள் வந்து எழுதித் தருகிறார்கள், ஆளுக்கு மாதம் இருநூறு ரூபாய்.